முழங்கால் தண்ணீரில் ஒரு போர்ப்படகு

படகுக்கு அழகு எது? நீளமா, பாயின் விரிவா, அணியத்தின் நிமிர்வா? அது எவ்வளவு தண்ணீர் கேட்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று பார்த்துப் பார்த்து எனக்குப் படிந்த ரசனை இது.

சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இது. நீளம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் இருந்தும், ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிக்கூட ஆள் இறங்கி இடுப்பளவு நீரில் நின்று வலை இழுப்பார். பக்கத்தில் தட்டையான அடிப்பாகமுள்ள படகு, நீர்மேல் விழுந்த இலைபோலக் கிடக்கும். மூங்கில் கழியை மணலில் ஊன்றி ஒருவர் உந்தினால் சத்தமே இல்லாமல் வழுக்கிப் போகும். ஆழக்கடல் கப்பல் இங்கே வந்தால் தரைதட்டி நிற்க வேண்டியதுதான். இந்தப் படகுக்கோ முழங்கால் தண்ணீர் போதும்.

இந்த எளிமையைப் போர்க்கலையாக வளர்த்தவர்கள் மேற்குக் கரையில் இருந்தார்கள். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்கார்கள். அவர்களுடைய கடல் மரபைப் போற்றி இந்திய அஞ்சல் துறை 2000 டிசம்பர் 17 அன்று மூன்று ரூபாய் அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது. அதில் இடம்பெற்ற படகுக்குப் பாறு என்று பெயர். பாறு என்றால் தமிழில் கழுகினப் பறவை. அந்தப் படகு செய்த வேலையை அறிந்தவர்களுக்கு அந்த ஒலி ஒற்றுமை இனிக்கும்.

பாறில் முப்பது நாற்பது பேர் துடுப்பு வலிப்பார்கள். குஞ்ஞாலிகளின் பகைவரான போர்த்துக்கீசியரின் பெரிய கப்பல் காற்றை நம்பியது. பீரங்கிகளைச் சுமந்து ஆழத்தில் அமிழ்ந்து நகர்ந்தது. காற்று செத்த நேரத்தில் அது நகர முடியாத மரக்கோட்டை. அந்த நேரத்துக்குத்தான் பாறுகள் காத்திருக்கும். ஆற்று வாய்களிலிருந்தும் கழிகளிலிருந்தும் கூட்டமாகப் புறப்பட்டு, பாய்களுக்குத் தீ வைத்துவிட்டு, துரத்த முடியாத ஆழமற்ற நீருக்குள் திரும்பிவிடும். இந்த வித்தையில் நான் வியப்பது திரும்புதலை. தாக்குவதற்குத் துணிவு போதும். எந்தத் திட்டு எப்போது மூழ்கும், எந்த வாய்க்கால் எந்த நேரத்தில் படகை ஏற்கும் என்று கரையை மனப்பாடமாக வைத்திருப்பவரே திரும்பி வர முடியும். எங்கள் ஏரிக்காரர்கள் நீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் மணலா சேறா என்று சொல்லும்போது எனக்கு அந்தத் துடுப்புக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

மரைக்கார் என்ற பெயர் இங்கே அந்நியமும் இல்லை. பழவேற்காட்டு மரைக்காயர்கள் மலாக்கா வரை வணிகம் செய்த கடலோடிகள். மலபார் மரைக்கார்களும் சோழமண்டலக் கரையோரம் வரை வந்து போர்த்துக்கீசியரை எதிர்த்திருக்கிறார்கள். 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் பெருந்தோல்வி கண்டார்கள். ஆனாலும் அந்தக் குலம் மடியவில்லை. 1571இல் சாலியத்திலிருந்த போர்த்துக்கீசியக் கோட்டையைச் சாமூதிரி கைப்பற்றியபோது துணை நின்றவர் மூன்றாம் குஞ்ஞாலியான பட்டு மரைக்கார். மகிழ்ந்த மன்னர் அவருக்கு நாயர் பிரபுக்களுக்குரிய சிறப்புகளைத் தந்தார். 1573இல் வடகரைக்கு அருகே புதுப்பட்டணத்தில் கோட்டை கட்டிக்கொள்ளவும் இசைந்தார். இன்று கோட்டக்கல் எனப்படும் இடம் அது.

அங்கேதான் கதை திரும்புகிறது. படகோடிக் குலம் கல்மதில் எழுப்பியது. ஆற்று வாயில் அமைந்த கோட்டை படகுகளுக்கு நல்ல கூடாகத்தான் இருந்தது. ஆனால் மதில் உயர உயர, அது கடலுக்கு மட்டும் காவலாக இல்லாமல் அரண்மனைக்கும் சவாலாகத் தெரிந்தது. 1580களில் சாமூதிரி போர்த்துக்கீசியரோடு சமாதானம் பேசத் தொடங்கினார். 1595இல் பொறுப்புக்கு வந்த நான்காம் குஞ்ஞாலி தன்னை இந்தியக் கடல்களின் அதிபதி என்று அழைத்துக்கொண்டார். மன்னரின் யானை ஒன்றின் வாலை அவர் வெட்டியதாகவும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே பகைவனை எதிர்த்த மன்னரும் தளபதியும் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்கியபோது, அந்தப் பகைவனுக்கு வழி திறந்துவிட்டது.

1599இல் முதல் முற்றுகையைக் கோட்டை முறியடித்தது. அந்த வீரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு சாமூதிரியின் படை நிலத்திலும், போர்த்துக்கீசியத் தளபதி அந்திரே ஃபுர்த்தாதோவின் கப்பல்கள் கடலிலுமாக இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டன. 1600 மார்ச்சில் குஞ்ஞாலி உயிருக்கு உறுதி பெற்று, வெளியே வந்து, தன் வாளைச் சாமூதிரியிடம் ஒப்படைத்தார். மன்னரின் கண்ணெதிரிலேயே போர்த்துக்கீசியர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோவாவில் தலை வெட்டப்பட்டது. அதை உப்பிட்டுக் கண்ணூரில் காட்சிக்கு வைத்தார்கள்.

இந்தக் கதையைப் பிரியதர்ஷன் 'மரக்கார்' என்று படமாக்கினார்; அது 2021இல் திரைக்கு வந்தது. சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. திரையில் பெரிய கப்பல்கள் மோதும் பிரமாண்டத்தை நானும் வாய்பிளந்து பார்த்தவன்தான். படம் முடிந்து வெளியே வந்ததும் மனசு மறுபடி அந்த அஞ்சல்தலைக்கே போனது. இரண்டு விரல் அகலக் காகிதத்தில் அடங்கிய படகுதான் அந்தக் குலத்தின் கலையை எனக்கு முழுதாகச் சொல்கிறது.

பாறுக்கு இரண்டு தேவைகள்: ஆழமற்ற நீர், திறந்த வாய். குஞ்ஞாலியின் ஆற்றில் முதலாவது கடைசிவரை இருந்தது. இரண்டாவது அடைபட்டபோது, எவ்வளவு தேர்ந்த துடுப்புக்காரனும் கோட்டைக்குள் கைதியானான்.

இந்தக் கரையில் உட்கார்ந்து அதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. எங்கள் ஏரியின் முகத்துவாரமும் மணல் தூர்ந்து அடைபடுவதுண்டு. கடல்நீர் உள்ளே வராவிட்டால் இறால் குறையும், மீன் குறையும், படகுகள் வெயிலில் காயும். அப்போது மீனவர்களே திரண்டு வந்து மணலை வெட்டித் தள்ளுவார்கள். முதல் அலை அந்தப் பள்ளத்தைத் தாண்டி உள்ளே நுழையும்போது கரையில் எழும் கூச்சல், எந்தக் கடற்போரின் வெற்றி முழக்கத்துக்கும் குறைந்ததில்லை. மறுநாள் விடியுமுன் கழி ஊன்றும் ஓசை கேட்கும். முழங்கால் தண்ணீரில் ஒரு படகு வாயை நோக்கி நகரும்.