அடடா, கொழும்பு!

வாழ்க்கையில் முதல் வெளிநாட்டுப் பயணமா? சிங்கப்பூரும் துபாயும் எங்கேயும் ஓடிவிடாது. முதலில் கொழும்புக்குப் போங்கள். கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டாம், நம் நேரம்தான் அவர்கள் நேரமும். வண்டிகள் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. தெருப்பலகைகளில் தமிழும் இருக்கிறது. இருந்தும் கால் வைத்த நிமிஷத்திலிருந்து வேறு நாடு, வேறு காற்று! இப்படி ஒரு ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபது வயது வரை பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டுக்கு ஐ.வி., அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட், என்றால் கொச்சி, மிஞ்சினால் பெங்களூரு. இந்த முறை கொழும்பு என்று அறிவித்தார்கள். துறைமுகத்தைப் பார்ப்பதுதான் காரணம். தூத்துக்குடியில் ஏற்றும் கண்டெய்னர்களில் ஏராளமானவை கொழும்பில்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. ராஜபாளையம் நூலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் நமக்கு முன்னாலேயே அங்கே போய் வந்துகொண்டிருக்கின்றன, நாம் போனால் என்ன? வீட்டில் இப்படித்தான் வாதாடினேன். எடுபட்டது.

என் ஊர் மகாராஜபுரம். வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறை போகிற வழியில், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறப் போகும் கூட்டம் முழுக்கக் கடந்துபோகிற ஊர். அங்கிருந்து மதுரை விமான நிலையத்துக்குப் போன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, மதுரையிலிருந்து கொழும்பு போவதற்கு. 2012-லேயே மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் விட்டுவிட்டார்கள். வழிக்கென்று வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, விமானம் ஏறும் முன்பே காலி. மேலே போய், சீட் பெல்ட் விளக்கு அணைந்து, ஜூஸ் குடித்து முடிப்பதற்குள் கீழே மன்னார் வளைகுடா முடிந்து தென்னந்தோப்புகள் வந்துவிட்டன. தோப்பென்றால் தோப்பு, கட்டுநாயக்க ஓடுபாதையின் ஓரம் வரைக்கும் தென்னை! வத்திராயிருப்புப் பக்கத்துப் பிள்ளை நான், தென்னையைப் பார்த்து வாய் பிளக்கக் கூடாதுதான். பிளந்தேன்.

விமான நிலையத்தில் இறங்கியதும் ஒரு வேடிக்கை. பெட்டி எடுக்கப் போகிற வழியில் வரியில்லாக் கடைகள். உள்ளே சென்ட்டும் சாக்லேட்டும்தானே இருக்கும்? இல்லை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி! வளைகுடா நாடுகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் அங்கேயே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். ஒரு அக்கா வாஷிங் மெஷின் பெட்டியை டிராலியில் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போன காட்சி, எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் கிடைக்காது.

ஊருக்குள் முதலில் என்னை மயக்கியது எந்தக் கட்டடமும் இல்லை. ரோட்டைக் கடப்பதற்குப் போட்ட கோடு! அதில் காலை வைத்தால் கார் நிற்கிறது. பஸ்கூட நிற்கிறது. முதல் தடவை நாங்கள் நம்பவில்லை. வண்டி போகட்டும் என்று நாங்கள் காத்திருக்க, நாங்கள் போகட்டும் என்று வண்டி காத்திருக்க, எங்களோடு வந்த மேடம் ‘போங்கம்மா’ என்று விரட்டினார். அப்புறம் தேவையே இல்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடந்தவர்கள் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

புறக்கோட்டைச் சந்தை ராஜபாளையம் கடைத்தெருவைப் பத்து மடங்கு பெருக்கின மாதிரி, அவ்வளவுதான். ஆனால் அந்த நெரிசலுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுபோட்ட செங்கல்லில் ஒரு பள்ளிவாசல் நிற்கிறது பாருங்கள், ஜாமிஉல் அல்ஃபார், 1909-இல் கட்டி முடித்தது. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தோம். தாமரைக் கோபுரத்தைக் கீழே நின்றுதான் பார்த்தோம். சுமார் 350 மீட்டர்! எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி, ஆறு கோபுரத்தை அடுக்கினால்தான் அதைத் தொடும். உயரத்தை ஒத்துக்கொள்கிறேன். அழகு என்று வந்தால் எங்கள் கோபுரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி ரயிலுக்கு வருகிறேன். கொழும்பில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்: கோட்டை நிலையத்தில் தெற்கே போகிற ரயிலில் ஏறி, வலது பக்கக் கதவோரம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். சில நிமிஷம் கட்டடங்களின் முதுகுதான் தெரியும். பிறகு திடீரென்று கடல். பக்கத்திலே, இதோ, கருங்கல் அடுக்கிய கரைக்கு அந்தப்புறம்! தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் வேறொன்றும் இல்லை. பெரிய அலை அடித்தால் சாரல் முகத்தில் விழுகிறது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று நிலையங்கள் வர வர, ஒவ்வொரு நடைமேடையின் ஓரமும் கடல்தான். ஆபீஸ் முடிந்து போகிறவர்கள் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனை நோண்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு வந்த கோபம்! யோசித்தால், நாங்களும் சதுரகிரி மலையை அப்படித்தானே பார்க்காமல் பஸ்ஸில் போகிறோம்.

வெள்ளவத்தையில் இறங்கினோம். தமிழர்கள் நிறைந்த பகுதி. செவ்விளநீர் வெட்டிக்கொடுத்த அண்ணன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, ‘இந்தியாவோ? இந்தியாவில எவடம்?’ என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ‘ஆண்டாள்!’ என்று கத்தியை உயர்த்தினார். கடல் கடந்து வந்து ஊர்ப்பெயரைச் சொல்லி, எதிரில் நிற்பவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே, அதற்கே பாஸ்போர்ட் எடுத்த காசு சரியாகிவிட்டது.

அங்கிருந்து நூறாம் நம்பர் பஸ்ஸில் காலிமுகத்திடல். பஸ்ஸும் நம்ம ஊர் அசோக் லேலண்ட்தான். கண்டக்டர் மட்டும் சிங்களத்தில் கூவினார். 1859-இல் கவர்னர் ஹென்றி வார்டு காலத்தில் அமைத்த திடல் அது. 2022-இல் விலைவாசியும் பெட்ரோல் வரிசையும் தாங்காமல், எங்கள் வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் கூடாரம் போட்டு உட்கார்ந்து ஒரு ஜனாதிபதியையே பதவி விலக வைத்ததும் அதே இடம்தான். இப்போது பட்டம் விடுகிறார்கள், காதலர்கள் குடைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு மேற்கே மலை. அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் முன்பே சூரியனை அது எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு சூரியன் என்ன செய்கிறது என்று நாங்கள் பார்த்ததே கிடையாது. இங்கே முழுசாகக் காட்டினார்கள்! சிவந்து, பெருத்து, அடியில் கொஞ்சம் நசுங்கி, தண்ணீரைத் தொட்டு, பாதியாகி, கீற்றாகி... விசிலடித்தோம். சத்தியமாக, நாற்பது பேரும் சினிமாவுக்கு அடிக்கிற மாதிரி விசிலடித்தோம். பக்கத்தில் இருந்த சிங்களக் குடும்பத்தின் குட்டிப் பையனும் சேர்ந்து கைதட்டினான்.

அதோடு பசி வந்துவிட்டது. திடலிலேயே இறால் வடை. பருப்பு வடையின் தலையில் முழு இறால்களை ஓட்டோடு பதித்துப் பொரித்து, வெங்காயமும் காரமும் அள்ளிப் போட்டுத் தருகிறார்கள். மொறுமொறு என்றால் அதுதான்! ராத்திரிக்குக் கொத்து ரொட்டி. நம்ம ஊர்க் கொத்து புரோட்டாதானே என்று அலட்சியமாகப் போய் உட்கார்ந்தேன். மாஸ்டர் இரண்டு கையிலும் தகடு பிடித்து இரும்புக் கல்லில் தட்டுகிறார், தாளம் தப்பவே இல்லை. தெருமுனை வரை கேட்கிறது. சீஸ் போட்ட கோழிக் கொத்து ஒன்றை இருவர் சாப்பிடலாம் என்று பரிமாறுகிறவர் சொன்னார். நான் தனியாகவே முடித்தேன். கூடவே நாக்கைக் கடிக்கிற இஞ்சிச் சோடா.

விடுதிக்கு வந்து அம்மாச்சிக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல் என்று தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அதனால் அம்மாச்சிக்கு இலங்கை முழுவதுமே கண்டிச் சீமைதான்.

‘கண்டிக்கு எப்பத்தா போற?’

‘நாளன்னைக்கு அம்மாச்சி, ரயில்ல.’

‘ரயிலுக்கு எம்புட்டு வாங்குறான்?’

இலங்கை ரூபாயில் சொன்னேன். ‘யாத்தே, அம்புட்டா?’ என்று பதறிவிட்டார். மூன்றரையால் வகுத்துச் சொன்னதும்தான், ‘அப்பச் சரி, போயிட்டு வா’ என்று போனை வைத்தார்.