ஒளி சொல்லும் சாட்சியம்

வேற்றணுக்களை அயனிகளாக்கி, மின்விசையால் வேகமூட்டி, குறைக்கடத்திப் படிகத்தினுள் எய்து புகுத்தும் முறைக்கு ஷாக்லி 1954-இல் காப்புரிமை கோரிய காலந்தொட்டு, புகுந்த அணு உள்ளே எந்த ஸ்தானத்தில் அமர்ந்தது, எதனோடு சேர்ந்தது என்னும் வினாவும் கூடவே வளர்ந்து வந்திருக்கிறது. அதற்கு விடை காண ஏற்பட்ட உபாயங்களுள் மிக நயமானது, படிகத்தைத் திரவ ஹீலியத்தில் 4.2 கெல்வின் வரை குளிர்வித்து, லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது பதிலுக்கு உமிழும் மங்கலான ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படிப்பதாகும்.

எலெக்ட்ரானும் துளையும் இணைந்த எக்ஸைட்டான் என்னும் ஜோடி ஒரு மாசணுவைப் பற்றிக்கொண்டு மடியும்போது, அவ்வணுவின் இனத்திற்கேற்பச் சற்றே வேறுபட்ட சக்தியுள்ள ஒளி பிறக்கிறது என்பதை 1960-இல் ஹேன்ஸ் சிலிக்கனில் கண்டார். பாஸ்பரஸுக்கும் போரானுக்கும் உள்ள வேற்றுமை ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்களவே. ஆயினும் கோடுகள் தனித்தனியே தெரிகின்றன. 1978-இல் ஜப்பானியரான தஜிமா இதனை ஓர் அளவைமுறையாகவே ஆக்கினார். பதினாயிரங்கோடி சிலிக்கன் அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உள்ள மாசும், படிகத்தைச் சிதைக்காமலே, இம்முறைக்கு அகப்படுகிறது.

அந்தப் பெருமை தூய படிகத்திற்கு உரியது. எய்து புகுத்திய படிகத்திற்கும் அதையே சொல்வது அவசரம். ஒவ்வோர் அயனியும் தன் வழியில் பல சிலிக்கன் அணுக்களை இடம்பெயர்த்து விடுவதால், ஒளி உமிழாமலே சக்தியை விழுங்கும் குறைகள் பெருகி, வந்த விருந்தாளியின் ஒளியை மறைத்துவிடுகின்றன. எந்தத் தனிமத்தை எய்தாலும் 1.018 எலெக்ட்ரான் வோல்ட்டில் தோன்றக்கூடிய டபிள்யூ கோடு, தடம் புரண்ட சிலிக்கன் அணுக்களின் கூட்டத்திற்கே உரியது. அதாவது, அது காயத்தின் ஒளியேயன்றி அம்பின் ஒளியன்று. எர்பியத்தின் 1.54 மைக்ரோமீட்டர் ஒளியோ அடையாளத்தில் ஐயத்திற்கு இடம் தருவதில்லை. ஆனால் புகுத்திய எர்பியத்தில் ஒரு சிறு பகுதியே ஒளிர்வதால், எஞ்சியதன் கதையை அவ்வொளி நமக்குச் சொல்வதில்லை.

எனினும் பெரிய குறை, கோட்டிற்குப் பெயரிடுவதில்தான் இருக்கிறது. செம்பு கலந்த சிலிக்கனில் 1.014 எலெக்ட்ரான் வோல்ட்டில் தோன்றும் கோட்டினை இரு செம்பணுக்களின் இணை என்று பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். கனடாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் தெவால்ட் குழுவினர், சிலிக்கன்-28 மட்டுமே மிகுந்த படிகத்தில் கோடுகள் கூர்மையடைவதைப் பயன்படுத்தி ஆராய்ந்தபோது, 2008-இல் அங்கே இருப்பவை நான்கு செம்பணுக்கள் என்று தெளிந்தது. ஒளி பொய் சொல்லவில்லை, கேட்டவர்கள்தாம் அவசரப்பட்டார்கள். இத்தகைய மயக்கத்தைத் தீர்க்கக் கதிரியக்க அணுவைப் புகுத்துவது என் மனத்திற்கு மிகவும் உகந்த வழி: கேலியம் ஆர்சனைடில் வைத்த இண்டியம்-111, 2.8 நாள் அரையாயுளில் காட்மியமாக மாறுகிறது. அந்தக் கணக்குக்கு ஒத்து வளரும் கோடு காட்மியத்தினது என்பதில் வாதத்திற்கு இடமில்லை.

அவ்வசதி எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் வாய்ப்பதன்று. ஆதலால் புதிய கோட்டிற்குத் தனிமத்தின் பெயரைச் சூட்டும் முன், அதே அளவு சேதம் விளையும்படி சிலிக்கனையே எய்து, அதே சூட்டில் பதப்படுத்திய மற்றொரு துண்டையும் குளிர்கலத்தில் வைத்துப் பாருங்கள் என்றே இளம் ஆய்வாளர்களை வேண்டுகிறேன்.