அன்லிமிடெட்

மொபைல் கம்பெனிகளின் அகராதியில் 'அன்லிமிடெட்' என்றால், பல பிளான்களில் நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி என்று அர்த்தம். அதைத் தாண்டினால் வேகம் 64 கேபிபிஎஸ். அதாவது செகண்டுக்கு 8 கிலோபைட். ஒரு ஜிபி சினிமா இறங்க சுமார் 35 மணி நேரம். அதற்குள் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை நிதானமாக எட்டு தடவை முடித்துவிடலாம். பௌர்ணமியன்று அந்த 64-கூட சந்தேகம். ஒரு டவரின் அலைவரிசை அதைச் சுற்றி நடக்கும் அத்தனை பேருக்கும் பங்கு.

2016 செப்டம்பரில் ஜியோ வரும்வரை டேட்டாவின் விலையே திருட்டு டவுன்லோடுக்குப் பாதி போலீஸ். மாதம் ஒரு ஜிபியை வைத்துக்கொண்டு படமா இறக்குவார்கள்? டேட்டா மலிந்ததும் பாரமெல்லாம் கோர்ட் தலையில். 2018 நவம்பரில் '2.0' படத்துக்காக சென்னை உயர் நீதிமன்றம் 12,000-க்கு மேற்பட்ட வெப்சைட்களை முடக்கச் சொன்னது. ரிலீஸ் அன்றே படம் நெட்டில். 2023-ல் சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படம் பிடித்தால் மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம் ஜெயில் என்றார்கள்.

எதை இறக்கக் கூடாது என்று சட்டம் சத்தமாகச் சொல்கிறது. எதை இறக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. அதுதான் என் குறை. எழுதியவர் காலமாகி 60 வருஷம்வரை காப்பிரைட். ரமண மகரிஷி மறைந்தது 1950-ல். எனவே அவர் எழுதிய 'நான் யார்?' 2011 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொதுச்சொத்து (மற்றவர்கள் செய்த மொழிபெயர்ப்பு, உரையெல்லாம் தனிக் கணக்கு). வெறும் எழுத்தாக 100 கேபி இருந்தால் அதிகம். லிமிட் தீர்ந்த போனில்கூட கால் நிமிஷத்தில் இறங்கிவிடும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்கப் பாடல்களிலிருந்து அருணகிரிநாதர் வரை இலவசம்.

இத்தனையும் காத்திருக்க, நாம் உயிரோடிருக்கும் எழுத்தாளரின் 200 ரூபாய்ப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி வாட்ஸப்பில் சுற்றவிடுகிறோம். கேட்டால் தமிழ்ச் சேவை! 10 சதவிகித ராயல்டியில் பிரதிக்கு அவருக்குக் கிடைப்பது 20 ரூபாய். அதற்கும் நாமம்.

டேட்டா லிமிட்டை கம்பெனி போடுகிறது. இன்னொரு லிமிட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இறந்து 60 வருஷம் ஆனவர்களை இலவசமாகப் படியுங்கள். இருப்பவர்களுக்குக் காசு கொடுங்கள். அவர்களும் சாப்பிட வேண்டுமல்லவா?