விவாதிக்காதே, நடித்துக்காட்டு: ராயல் கோர்ட் எழுத்தாளர் குழுவும் புதிய நாடக ஆசிரியரின் குரலும்

ஆய்வுச் சுருக்கம்

புதிய நாடக ஆசிரியர்களை வளர்த்தெடுக்கும் குழுக்களுக்கு முன்மாதிரியாகப் பெரிதும் சுட்டப்படுவது, இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் 1958இல் தொடங்கிய எழுத்தாளர் குழு ஆகும். நடித்துக்காட்டக் கூடிய எதனையும் விவாதிக்கலாகாது என்பது அக்குழுவின் விதி. அவ்விதி நாடக எழுத்திற்கு அளித்த வளத்தையும், அவ்வளத்திற்கு ஈடாகக் குழுவில் சேர்ந்த எழுத்தாளர் விட்டுக்கொடுத்ததையும் ஆன் ஜெலிகோ, எட்வர்ட் பாண்ட், வோலே சோயிங்கா, அனுபமா சந்திரசேகர் ஆகியோரின் படைப்புகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாடக எழுத்து, எழுத்தாளர் குழு, உடனடி நடிப்பு, ராயல் கோர்ட், தணிக்கை.

அரங்கமும் குழுவும்

ஜார்ஜ் டிவைன் தலைமையில் இங்கிலிஷ் ஸ்டேஜ் கம்பெனி 1956இல் ராயல் கோர்ட் அரங்கில் செயல்படத் தொடங்கியது. அவ்வாண்டு மே 8 அன்று ஜான் ஆஸ்பர்னின் ‘லுக் பேக் இன் ஆங்கர்’ அரங்கேறியது. அதன்பின் அவ்வரங்கம் ‘எழுத்தாளர்களின் அரங்கம்’ எனத் தன்னை அறிவித்துக்கொண்டது. இவ்வறிவிப்பிற்கும் நடைமுறைக்கும் இடையே இடைவெளி இருந்தது. எந்த நாடகத்தை மேடையேற்றுவது, எதனைத் தள்ளுவது என்னும் முடிவுகளில் எழுத்தாளர்களுக்குப் பங்கு அரிதாகவே இருந்தது. அக்குறையைப் போக்கும் நோக்கில் டிவைன் ஒரு விவாதக் குழுவை அமைத்தார் என்று கீத் ஜான்ஸ்டோன் 1979இல் வெளிவந்த ‘இம்ப்ரோ’ என்னும் நூலில் பதிவுசெய்துள்ளார்.

டிவைன் தலைமை வகித்த முதல் மூன்று கூட்டங்கள் சலிப்பூட்டுவனவாக அமைந்தன. பொறுப்பு இளம் இயக்குநர் வில்லியம் காஸ்கிலிடம் சென்றது. காஸ்கில் ஜான்ஸ்டோனைக் கலந்துகொண்டார். வெறும் பேச்சாகவே நீடித்தால் எல்லோரும் விலகிவிடுவர் என்பது ஜான்ஸ்டோனின் கணிப்பு. ஆகவே நடித்துக்காட்டக் கூடியதை விவாதிப்பதில்லை என உடன்படுவோம் என்றார். அன்று முதல் அக்குழு உடனடி நடிப்புக் குழுவாக மாறியது. ஜெலிகோ, பாண்ட், ஜான் ஆர்டன், ஆர்னல்ட் வெஸ்கர், சோயிங்கா முதலியோர் அதில் பங்கேற்றனர்.

தமிழ் மரபில் நூல் அரங்கேற்றம் என்பது தடையும் விடையுமாக நிகழ்வது. தொல்காப்பியப் பாயிரம் காட்டும் அதங்கோட்டாசான் வினவுபவர். நூலாசிரியர் தம் நூலுக்காகப் பேசி நிலைநிறுத்தக் கடமைப்பட்டவர். ராயல் கோர்ட் குழு இந்த உறவைத் தலைகீழாக்கியது. அங்கே ஆசிரியர் தம் எழுத்துக்காக வாதாட இடமில்லை. கேட்போர் குறை கூறவும் இடமில்லை. எழுந்து செய்துகாட்ட வேண்டும். செய்துகாட்ட இயலாதது நாடகம் அன்று என்பது சொல்லப்படாத முடிவு. தமிழில் ‘பயிலரங்கம்’, ‘பட்டறை’ என்னும் இரு சொற்களும் இன்று ஒரே பொருளில் வழங்கினும், இக்குழுவிற்குக் கொல்லனின் உலைக்களத்தை நினைவூட்டும் இரண்டாவது சொல்லே பொருந்தும்.

படுக்கையும் நாற்காலியும்

இவ்விதியின் பயனை மதிப்பிடுமுன் ஒரு மிகையைக் களைதல் வேண்டும். அக்காலத்து ராயல் கோர்ட் நாடகங்களில் உடல்மொழி மேலோங்கும் இடமெல்லாம் குழுவின் கொடை என்று கொள்ளும் போக்கு உண்டு. வெஸ்கரின் ‘தி கிச்சன்’ அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படத் தக்கதுதான்: உணவுப் பொருள் எதுவுமின்றிச் சமையற்கூடத்தின் முழு உழைப்பையும் நடிகர்கள் அபிநயத்தால் உணர்த்த வேண்டும் என்பது அதன் மேடைக்குறிப்பு. எனினும் 1959 செப்டம்பரில் ஒரு ஞாயிறு இரவில் நிகழ்த்தப்பட்ட அந்நாடகம் குழு தோன்றுவதற்கு முன்பே எழுதப்பட்டது. ஜெலிகோவின் ‘தி ஸ்போர்ட் ஆஃப் மை மேட் மதர்’ நாடகமும் அத்தகையதே. 1956இல் அப்சர்வர் இதழ் நடத்திய நாடகப் போட்டிக்காக எழுதப்பட்ட அது, சடங்கும் தாளமும் கலந்த வடிவத்தை முன்பே கண்டடைந்திருந்தது. சொல்லை மட்டும் நம்பாத எழுத்தாளர்களே குழுவை நாடி வந்தனர் என்பதும் உண்மை. குழு அவர்களை உருவாக்கியது என்பதைவிட, அவர்களுக்கு ஓர் இடம் தந்தது என்பதே பொருந்தும்.

அவ்விடம் தந்த பயனைப் பின்வந்த நாடகங்களில் தெளிவாகக் காணலாம். 1962இல் ராயல் கோர்ட் மேடைக்கு வந்த ஜெலிகோவின் ‘தி நாக்’ நாடகத்தை அவரும் ஜான்ஸ்டோனும் இணைந்து இயக்கினர். அதில் ஓர் இரும்புக் கட்டில் பியானோவாகிறது. டாமும் காலினும் கட்டிலைத் தட்டி ஒலியெழுப்பி விளையாட, ஊருக்குப் புதியவளான நான்சி மெல்ல மெல்ல அவ்விளையாட்டிற்குள் வருகிறாள். பெண்களைத் தன்வயப்படுத்தும் ‘திறம்’ பெற்ற டோலன் அவ்விளையாட்டில் சேர இயலாதவனாகிறான். எழுத்தில் படிப்பவருக்கு இக்காட்சி பொருளற்ற ஒலிக்குறிப்புகளின் அடுக்காகவே தோன்றும். நாடகத்தின் அதிகார உறவு முழுவதும் அவ்வொலிகளுக்கிடையே இடம் மாறுகிறது. வாதத்தால் டோலனை வெல்ல முடியாது. விளையாட்டே அவனை வெளியே நிறுத்துகிறது. குழுவின் விதி ஒரு காட்சியின் கட்டமைப்பாகவே மாறிய இடம் இது.

பாண்ட் இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட்டவர், உழைப்பாளர் குடும்பத்தவர். நாடகம் என்பது பாத்திரங்களைப் பற்றியதன்று, உறவுகளைப் பற்றியது என்று குழு தமக்குக் கற்பித்ததாக அவர் கூறியதை ஜான்ஸ்டோன் குறிப்பிடுகிறார். அவருடைய ‘தி போப்ஸ் வெட்டிங்’ 1962 டிசம்பர் 9 ஞாயிறு இரவில் ஜான்ஸ்டோன் இயக்கத்தில் நிகழ்ந்தது. ஊருக்கு ஒதுங்கிக் குடிசையில் வாழும் ஆலன் என்னும் முதியவரின் இரகசியத்தை அறிய முயலும் ஸ்கோப்பி என்னும் இளைஞன், இறுதியில் அவரைக் கொன்று அவருடைய உடையை அணிந்து அமர்ந்திருக்கிறான். ஏன் என்பதை அவன் விளக்குவதில்லை. உடையே விளக்கம்.

1965 நவம்பரில் காஸ்கில் இயக்கிய ‘சேவ்ட்’ நாடகத்தின் இறுதிக் காட்சி இதனினும் கடுமையானது. பூங்காவில் குழந்தை கல்லெறிந்து கொல்லப்படும் காட்சியையே திறனாய்வாளர் பலரும் பேசினர். ஆயினும் நாடகத்தின் சுமை முழுவதையும் தாங்குவது கடைசிக் காட்சி: ஒரு வீட்டின் கூடத்தில் லென் உடைந்த நாற்காலியைப் பழுதுபார்க்கிறான், மற்றவர்கள் தத்தம் வேலையில் இருக்கின்றனர். சுத்தியலை எடுத்து வரச்சொல்லும் ஒரே ஒரு வரியைத் தவிர அங்குப் பேச்சில்லை. அவ்வொரு வரிக்கும் எவரும் மறுமொழி தருவதில்லை. இவ்வளவு கொடுமைக்குப் பின்னும் அவ்வீட்டில் எஞ்சியிருக்கும் நம்பிக்கை எத்தகையது என்பதை நாற்காலியைச் சுற்றி வளையும் லென்னின் உடலிலிருந்தே பார்வையாளர் உணர வேண்டும். விவாதத்தை விலக்கிய ஒரு குழுவின் உறுப்பினர் எழுதிய மிகச் சிறந்த காட்சி இது என்று துணிந்து கூறலாம்.

இங்கே குழுவை மட்டும் தனித்துப் போற்றுவது நிறைவுறாத மதிப்பீடு ஆகும். 1957 முதல் ராயல் கோர்ட் அரங்கில் ஞாயிறு இரவுகளில் காட்சியமைப்பின்றி, முழு ஒத்திகையுடன் புதிய நாடகங்கள் சங்க உறுப்பினர்களுக்காக நிகழ்த்தப்பட்டு வந்தன. உறுப்பினர்க்கு மட்டுமான நிகழ்வு ஆதலின் லார்ட் சேம்பர்லின் அலுவலகத்தின் தணிக்கை உரிமம் அங்கு வேண்டியிருக்கவில்லை. குழுவில் முயன்று பார்த்தவர் மேடையில் தோற்றுப் பார்க்கவும் வாய்ப்பிருந்தது. அவ்வரங்கோடு சேர்த்து வழங்கும் ‘தோல்வியுறும் உரிமை’ என்னும் தொடருக்கு உள்ளீடு தந்தவை இவ்விரவுகளே. பயிற்சிக் குழுவை மட்டும் கைக்கொண்டு, ஞாயிறு இரவைக் கைவிட்ட பிற்கால அமைப்புகளில் நாடகப்படி வாசிப்பிலிருந்து வாசிப்பிற்குப் பயணம் செய்வதே வளர்ச்சி எனக் கொள்ளப்படுகிறது. ‘சேவ்ட்’ நாடகத்தின் கடைசிக் காட்சியை அத்தகைய வாசிப்பில் எவ்வாறு கேட்பது?

பேச்சை விலக்கியதால் இழந்தது

குழு எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த நோக்கம் என்னவாயிற்று என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அரங்கின் கொள்கையில் எழுத்தாளருக்குப் பங்கு வேண்டும் என்பதே தொடக்க நோக்கம். பேச்சு சலிப்பூட்டியது உண்மையாக இருக்கலாம். ஆனால் கொள்கை பற்றிய பேச்சை நடித்துக்காட்ட இயலாது. எந்த நாடகம் தேர்வாக வேண்டும், ஒத்திகையில் ஆசிரியருக்கு என்ன இடம், ஊதியம் எவ்வளவு ஆகியவை முகமூடிப் பயிற்சிக்குள் அடங்காதவை. விதி வந்ததும் இவ்வினாக்கள் ஓசையின்றி விலகின. எழுத்தாளர்கள் திறம் பெற்றனர், குரல் பெறவில்லை. ஜான்ஸ்டோனின் நூல் இம்மாற்றத்தை வெற்றியாகவே விவரிக்கிறது, அவர் நோக்கில் அது வெற்றிதான்.

பிரித்தானிய நாடக ஆசிரியர்கள் அக்குரலைப் பெற்றது வேறொரு வழியில். 1970களின் நடுவில் தியேட்டர் ரைட்டர்ஸ் யூனியன் என்னும் தொழிற்சங்கம் உருவாயிற்று. நேஷனல் தியேட்டர், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, ராயல் கோர்ட் ஆகிய மூன்று அரங்குகளுடனும் எழுத்தாளர்களுக்கான ஒப்பந்தம் 1979இல் ஏற்பட்டது. சலிப்பூட்டும் கூட்டங்கள் இல்லாமல் அவ்வொப்பந்தம் கைகூடியிருக்காது.

ஹோலா: ஒரு மறுப்பு

விதியின் எல்லை வெளிப்பட்ட இடம் 1959இல் நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச் 3 அன்று கென்யாவின் ஹோலா தடுப்பு முகாமில் மாவ் மாவ் கைதிகள் பதினொருவர் காவலர்களால் அடித்துக் கொல்லப்பட்டனர். குடிநீரே அவர்கள் இறப்பிற்குக் காரணம் எனத் தொடக்கத்தில் காலனிய அரசு அறிவித்தது. அந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு ‘லெவன் மென் டெட் அட் ஹோலா’ என்னும் உடனடி நடிப்பு நிகழ்வு ராயல் கோர்ட் அரங்கில் உருவாக்கப்பட்டது. காலனிய வன்முறை நிகழ்ந்த சில மாதங்களுக்குள் இலண்டன் மேடையில் அதனைப் பேசிய துணிவு மதிக்கத் தக்கது.

நிகழ்வின்போது நடிகர் ஒருவர் தம் பகுதியை நடிக்க மேடைக்கு வர மறுத்துவிட்டார். 1986இல் ஸ்டாக்ஹோமில் ஆற்றிய நோபல் உரையைச் சோயிங்கா இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறார். அந்த நடிகர் தாமே என வெளிப்படுத்துகிறார். அவ்வரங்கில் நாடகப்படிகளைப் படித்து மதிப்பிடும் பணியில் இருந்தவர் அவர். மேடை அச்சம் அதற்குக் காரணமன்று. நடிப்பு எந்த எல்லையில் உண்மையின் முன் கூசி நிற்க வேண்டும் என்னும் வினாவே அவரைத் தடுத்தது.

இம்மறுப்பு குழுவின் விதியோடு நேராக மோதுகிறது. நடித்துக்காட்டக் கூடியதை விவாதிக்கலாகாது என்னும் விதி, எதையும் நடித்துக்காட்டலாம் என்னும் நம்பிக்கையை உள்ளடக்கியது. பதினொருவர் அடித்துக் கொல்லப்படுவதைப் பயிற்சியின் விறுவிறுப்போடு நடித்துக்காட்டலாமா என்பது நடிப்பதற்கு முன் பேசித் தீர வேண்டிய வினா. பேசுவதற்கு வழியில்லாத இடத்தில் ஆப்பிரிக்க எழுத்தாளரான சோயிங்காவுக்கு எஞ்சியிருந்த ஒரே சொல் வராமல் நிற்பதுதான். இதனை விதிக்கு எதிரான கலகம் என்பதைவிட, விதியின் மொழியிலேயே நிகழ்ந்த வாதம் என்பது பொருத்தம்: அவர் விவாதிக்கவில்லை, மறுப்பை நிகழ்த்திக்காட்டினார்.

அதே ஆண்டு நவம்பர் 1 ஞாயிறு இரவில் அவருடைய ‘தி இன்வென்ஷன்’ அரங்கேறியது. ராக்கெட் ஒன்று தென்னாப்பிரிக்காவில் விழுந்து வெடிக்க, மக்கள் அனைவரும் தோல்நிறத்தை இழந்துவிடுகின்றனர்; யார் வெள்ளையர், யார் கறுப்பர் எனக் கண்டறிய அறிவியலாளர் திணறுகின்றனர். மேடையில் அடிபடும் உடல் இல்லை. இனவெறி தன் அடையாளக் குறியை இழந்து தவிக்கும் நகைப்பு மட்டுமே உண்டு. நாடகம் என்ற அளவில் இது மெலிந்த படைப்பே. எனினும் எதைக் காட்டாமல் விடுவது என்பதை ஆசிரியரே முன்கூட்டித் தீர்மானித்த படைப்பு.

சென்னையின் ஒரு வீடு

ராயல் கோர்ட் பின்னாளில் பன்னாட்டு நாடக ஆசிரியர்களுக்கான தங்கல் பயிற்சிகளை நடத்தத் தொடங்கியது. அப்பயிற்சியில் பங்கேற்ற சென்னை எழுத்தாளர் அனுபமா சந்திரசேகரின் ‘ஃப்ரீ அவுட்கோயிங்’ 2007 நவம்பரில் இந்து ரூபசிங்கம் இயக்கத்தில் அவ்வரங்கின் மாடி மேடையில் அரங்கேறி, 2008இல் முதன்மை மேடைக்குச் சென்றது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் அது முழுமையாகச் சென்னை நடுத்தர வர்க்கத்து நாடகம். பள்ளி மாணவி தீபாவின் அந்தரங்கக் காட்சி கைப்பேசிவழிப் பரவுகிறது. கணவனை இழந்த தாய் மாலினியும் மகன் சரணும் தம் வீட்டிற்குள்ளேயே முற்றுகையிடப்படுகின்றனர்.

தீபா ஒரு முறையும் மேடைக்கு வருவதில்லை. நாடகத்திற்குள் ஊரே பார்த்துவிட்ட உடலைப் பார்வையாளருக்கு மட்டும் காட்ட ஆசிரியர் மறுக்கிறார். வீட்டின் உள்ளறையில் அவள் இருக்கிறாள் என்பது மற்றவர்களின் பேச்சாலும் நடத்தையாலுமே தெரியவருகிறது. தீபாவைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர், அவளுக்கு ஒரு வரியும் இல்லை என்பதை இந்நாடகத்தின் குறையாகக் கூறுவோர் இருக்கக்கூடும். பெண்ணின் குரல் மீண்டும் ஒருமுறை அடைக்கப்பட்டதே என்னும் அவ்வாதம் எளிதில் தள்ளத் தக்கதன்று. ஆயினும் அவள் மேடையில் தோன்றும் கணத்தில் பார்வையாளரின் கண், கைப்பேசியில் அவளைத் தேடிய கண்ணாகவே மாறிவிடும். ஹோலா நிகழ்வில் திரைமறைவில் நின்று சோயிங்கா தனியே எடுக்க நேர்ந்த முடிவு, இங்கு நாடகப்படியிலேயே எழுதப்பட்டுவிட்டது. உள்ளறையின் கதவைத் திறந்து அவளை அழைத்து வர இயக்குநருக்கும் உரிமையில்லை.