எதிராளி இருக்கும் இடம்

2023 செப்டம்பரில், சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' ஆடித் தங்கம் வென்றவர் தென்கொரியாவின் கிம் குவான்-வூ. அப்போது அவருக்கு வயது 44. இந்தியாவின் சார்பில் மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் என இரண்டு பேர் போயிருந்தார்கள். பதக்கச் சுற்றுகளுக்கு வெகு முன்பே வெளியேறினார்கள்.

பொத்தானைத் தட்டித் தட்டி ஒருவர் நாட்டுக்குத் தங்கம் வாங்கிவந்தார் என்றால் நம் வீடுகளில் சிரிப்பார்கள். சிரிக்கும் முன் இதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சண்டை கேம்களுக்கு ஆண்டுக்கணக்காகத் தங்களைக் கொடுத்தவர்களுக்கு அவை எதைத் தருகின்றன? அந்த உழைப்புக்கு அது தகுமா? தூத்துக்குடியில் இருந்து எழுதுகிறவன் என்பதால், அது இந்தக் கரையில் இருப்பவருக்கும் கிடைக்குமா என்றும் கேட்கிறேன்.

முதலில் ஆட்டம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். இந்த கேம்கள் வினாடிக்கு 60 பிரேம் வேகத்தில் ஓடுகின்றன. ஒரு பிரேம் என்பது 16.7 மில்லிவினாடி. கண் பார்த்து மூளை உணர்ந்து விரல் அசைய, நம்மில் பெரும்பாலோருக்கு 200 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். அதாவது 12 பிரேமுக்கு மேல். ஆனால் வேகமான ஒரு குத்து நாலைந்து பிரேமிலேயே வந்து விழுந்துவிடும். பார்த்துத் தடுக்க முடியாத அடி அது. ஊகித்துத்தான் தடுக்க வேண்டும். எதிராளி இதுவரை எப்போதெல்லாம் பொறுமை இழந்தார், மூலைக்குத் தள்ளப்பட்டால் என்ன செய்கிறார், ஒருமுறை ஏமாந்தபின் எதற்குப் பயப்படுகிறார் என்பதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டும். காம்போ எனப்படும் தொடர் அடிகளைத் தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்யலாம். ஆளைப் படிப்பதை அப்படிப் பழக முடியாது. இந்தக் கலையின் உயிர்நாடி இதுவே என்பது என் கணிப்பு.

இதற்குச் சான்றாக எல்லோரும் காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. சண்டை கேம்களுக்கென 2004இல் அமெரிக்காவில் நடந்த எவோ போட்டியில் ஜப்பானின் டைகோ உமேஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்' ஆடினார்கள். டைகோவின் உயிர்க்கோடு இழையாகத் தேய்ந்துவிட்டது. சாதாரணமாகத் தடுத்தால்கூட ஆள் காலி. வோங் தன் பாத்திரமான சுன்-லீயைக் கொண்டு சரமாரியான உதைத் தாக்குதலை ஏவினார். டைகோ ஒவ்வொரு உதையையும் எதிர்கொண்டு தட்டிவிட்டு, முடிவில் திருப்பியடித்து அந்தச் சுற்றை வென்றார். அரங்கம் அலறிய அந்தக் காணொளியை லட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். விரல் வேகத்தின் அற்புதம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்தத் தாக்குதல் கிளம்பியதைக் கண்ணால் பார்த்தபின் கை போயிருந்தால் முதல் உதைக்கே நேரம் போதாது. வோங் இப்போது இதைத்தான் செய்வார் என்று டைகோவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு மனிதர் இன்னொரு மனிதரை அவ்வளவு ஆழமாகப் படித்ததுதான் அங்கே நடந்த அற்புதம்.

அந்தப் போட்டியின் இறுதியாட்டத்தில் டைகோ தோற்றார். வென்றவர் கென்ஜி ஒபாட்டா என்பது ரசிகர்கள் பலருக்கே நினைவில் இல்லை. பின்னர் டைகோ இந்த ஆட்டத்தை விட்டு மாஜோங் ஆடப் போனார். அதையும் விட்டு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனார். பிறகுதான் திரும்பி வந்தார். ஆட்டம் தனக்குச் சோறு போடும் என்று நம்பித் திரும்பியவராக அவர் எனக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து தன்னை முழுமையாகச் சோதிக்கும் ஒருவர் வேறெங்கும் கிடைக்காததால் திரும்பினார் என்றே எண்ணுகிறேன். பற்றுள்ள ஆட்டக்காரர்களுக்கு இந்த ஆட்டத்தின் பொருள் அதுதான். பழிபோட அணி கிடையாது, நடுவர் கிடையாது, ஆடுகளத்தின் ஈரம் கிடையாது. தோல்வி முழுவதும் தன்னுடையது. அதை ஏற்றுக்கொண்டு எழுந்து, எங்கே தன்னைப் படித்துவிட்டார்கள் என்று யோசிக்கிறவர் மட்டுமே இதில் நிலைக்கிறார்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அடிதடியை இன்பமாக்குவதா என்ற கேள்வியை 1993இல் 'மார்டல் காம்பாட்'டை முன்வைத்து அமெரிக்க செனட்டே விசாரித்தது. நம் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1995இல் கொடியன்குளத்தில் போலீஸ் தாக்குதலைப் பார்த்த மண் இது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மீதான போலீஸ் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த ஊர் இது. சண்டையை லேசாகப் பேச இங்கே யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தக் கொடுமைகளின் இயல்பு என்ன? ஒரு பக்கம் அதிகாரமும் ஆயுதமும், மறுபக்கம் வெறுங்கை. சண்டை கேமில் இருவருக்கும் ஒரே நீள உயிர்க்கோடு, ஒரே கடிகாரம், ஒரே விதி. இருவரும் சம்மதித்தே உட்காருகிறார்கள். இது வன்முறையை ஒத்திகை பார்ப்பது ஆகாது. நம் சிலம்பக் களத்தில் கம்பு தொட்ட இடத்தை எண்ணி வெற்றி சொல்வதோடுதான் இதற்கு உறவு.

இன்னொரு எதிர்வாதம், ஆன்லைன் ரம்மியோடு இதைச் சேர்த்துக் கட்டுவது. பணம் வைத்து ஆடுவதால் குடும்பங்கள் அழிந்ததைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்தது. 2022இல் சட்டமும் கொண்டுவந்தது. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் பண விளையாட்டைத் தடைசெய்து இ-ஸ்போர்ட்ஸைத் தனியே அங்கீகரித்தது. அந்தப் பிரிப்பு சரியானது. இதற்கு மேல் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

உண்மையான சிக்கல் இடம். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த எவோ ஜப்பான் போட்டியில், அதுவரை உலகம் அறியாத லாகூர் இளைஞர் அர்ஸ்லான் ஆஷ் 'டெக்கன் 7'இல் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகஸ் எவோவையும் கொரியாவின் பே ஜே-மின்னை வீழ்த்தி வென்றார். தன் நாட்டில் தன்னைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும், அந்தக் கொரிய ஜாம்பவானே பாகிஸ்தானுக்குப் போய் ஆடிப் பார்த்து, பலரிடம் தோற்றதும் இந்தக் கலையின் வரலாற்றில் முக்கியமான நிகழ்வுகள். பாகிஸ்தானில் பெரிய பயிற்சிக்கூடமோ பணமோ இல்லை. ஆர்கேட் கடைகள் இருந்தன. தோற்றவர் எழுந்து காசு கொடுக்க வேண்டும். ஜெயித்தவர் அப்படியே உட்கார்ந்திருப்பார். காசில்லாத பையனுக்கு அதைவிடக் கடுமையான வாத்தியார் கிடையாது.

நம் ஊர்களில் 90களில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிய வீடியோ கேம் கடைகள் அந்த வழியில் வளரவில்லை. வீட்டுக்கு டிவி கேமும், பிறகு கைபேசியும் வந்ததும் கடைகள் மறைந்தன. இன்று பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் கைபேசித் துப்பாக்கி கேம். வழவழப்பான கண்ணாடித் திரையில் சண்டை கேமின் நுணுக்கத்தை விரல் உணராது.

ஆன்லைன் இருக்கிறதே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். தூத்துக்குடியில் இருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1300 கிலோமீட்டர். போய்வர 13 மில்லிவினாடி, அதாவது கிட்டத்தட்ட ஒரு பிரேம், இயற்பியலே எடுத்துக்கொள்கிறது. வழியில் உள்ள கருவிகளின் தாமதம் தனி. 2006இல் தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே பாரத் லங்கா கடலடிக் கம்பி போடப்பட்டது. நீளம் 300 கிலோமீட்டரை ஒட்டி. தூரக் கணக்குப்படி மும்பைக்காரரைவிட இலங்கைக்காரரே நமக்கு அருகிலிருக்கும் எதிராளி. ஆனால் எந்த வழியாகத் தரவு போக வேண்டும் என்பதை முடிவுசெய்வது ஆட்டக்காரர் அல்லர்.

தாமதத்தை மறைக்க ரோல்பேக் என்ற உத்தி வந்தது. எதிராளி இன்னும் பழைய பொத்தானையே அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று கணினி ஊகித்துக் காட்டும். ஊகம் தவறினால் பின்னால் போய்த் திருத்தும். அருமையான கண்டுபிடிப்பு; அது இல்லாவிட்டால் சிறு ஊர்க்காரர்களுக்கு ஆட்டமே இல்லை. ஆனாலும் சில பிரேம்களுக்கு நான் படிப்பது எதிராளியை அல்ல, எதிராளியைப் பற்றிய கணினியின் ஊகத்தை. ஆளைப் படிப்பதே உயிர்நாடியான கலைக்கு அது சின்ன இழப்பு அல்ல. தோற்றதும் "லேக் அடிக்குது" என்று சொல்லித் தப்பிக்கவும் வழி கிடைத்துவிடுகிறது. முன்னே சொன்ன முழுப் பொறுப்பு அங்கே கரைகிறது.

இதைவிடப் பெரிய குறை உடைமை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மூச்சும் உயிரும் குளிப்பவருடையவை, முத்துப்பார் அரசாங்கத்துடையது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே ஆங்கிலேயர் காலத்தில் குளித்தவருக்கு. சண்டை கேம் ஆடுகிறவரின் நிலையும் அதுதான். திறமை அவருடையது, களம் கேமை வெளியிடும் கேப்காமுக்கோ பண்டாய் நாம்கோவுக்கோ சொந்தம். ஒரு அடியின் வேகத்தை ஒரு பிரேம் மாற்றினால் பல மாத உழைப்பு செல்லாமல் போகும். அடுத்த பாகம் வந்தால் பழையதற்குப் பெரிய போட்டிகள் அரிதாகிவிடும். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றபோது, குளித்தவர்களின் மூச்சுப் பழக்கம் சங்கு குளிக்க உதவியது. இதிலும் ஆளைப் படிக்கும் பழக்கம் அடுத்த கேமுக்குக் கூடவே வருகிறது, மீதி போய்விடுகிறது. கம்பு சுற்றக் கற்றவரின் கம்புக்கு எந்த நிறுவனமும் விதியை மாற்ற முடியாது. இந்த இடத்தில் சிலம்பம் சண்டை கேமைவிட உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆக, என் தீர்ப்பு இதுதான். இது உண்மையான கலை. இதற்குத் தன்னைக் கொடுத்தவர் ஏமாந்தவர் அல்லர். பதக்கமும் பரிசும் அந்த மதிப்புக்கு ஆதாரம் ஆகா. 2024இல் கேப்காம் கோப்பையை வென்ற தைவானின் உமாவுக்கு 10 லட்சம் டாலர் கிடைத்தது; அது ஒருவருக்கு. ஆனால் தனியறையில் இணையம் வழியே மட்டும் ஆடுகிறவருக்கு இந்தக் கலை பாதிதான் கைவருகிறது. தூத்துக்குடியில் இன்று பெரும்பாலும் அந்தப் பாதிதான் இருக்கிறது. எவோவில் சோனி வைத்திருந்த பங்கை 2025இல் இந்திய நிறுவனமான நாட்வின் கேமிங் வாங்கியது. முதலாளிகள் வந்துவிட்டார்கள். நமக்கு இல்லாதது இரண்டு பேர் ஒரே திரை முன் தோளோடு தோள் உட்கார ஒரு அறை. ஹாங்சோவுக்குப் போன இருவரின் தோல்வியை அந்த அறையின் கணக்கில்தான் எழுதுவேன்.

பள்ளி முடித்த பையனோ பெண்ணோ இதையே தொழிலாக்கப் போகிறேன் என்று வந்தால், வேண்டாம் என்பேன். துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து வந்து தினம் ஒரு மணி நேரம் பழகுகிறேன் என்றால், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு வா என்பேன்.