அடைப்புக்குறிக்குள் பாம்பும் தேளும்

பப்மெட் என்ற இணையத் தரவுத்தளத்தில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைச் சலிக்க அண்ட், ஆர், நாட் என்ற மூன்று சொற்கள் போதும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். லிங்கன் நகரத்துச் செருப்புத் தொழிலாளியின் மகன் ஜார்ஜ் பூல், 1854இல் சிந்தனையின் விதிகளைக் கணிதமாக எழுதிவைத்ததன் பலன் இது.

எனக்குப் பிடித்தது ‘ஆர்’. பாம்புக்கடியை ஒருவர் ‘ஸ்னேக்பைட்’ என்று சேர்த்து எழுதுவார். இன்னொருவர் ‘ஸ்னேக் பைட்’ என்று பிரிப்பார். மூன்றாமவர் ‘என்வெனமேஷன்’ என்பார். மூவரையும் ‘ஆர்’ ஒரே வரிசையில் நிறுத்திவிடும். அதன்பின் ‘அண்ட் ஆன்டிவெனம்’ என்று சேர்த்தால், விஷமுறிவு மருந்தையும் பேசும் கட்டுரைகள் மட்டும் மிஞ்சும்.

அடைப்புக்குறியை விட்டுவிட்டால்தான் வேடிக்கை. பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும். ‘ஆன்டிவெனம் அண்ட் ஸ்னேக் ஆர் ஸ்கார்ப்பியன்’ என்று கேட்டால், முதல் இரண்டையும் இணைத்து முடித்துவிட்டு, தேள் வருகிற அத்தனை கட்டுரைகளையும் கொண்டுவந்து கொட்டும், மருந்தைப் பற்றி அவற்றில் ஒரு வரி இல்லாவிட்டாலும். பாம்பையும் தேளையும் ஒரே அடைப்புக்குள் போட்டால் சரியாகிவிடும்.

‘நாட்’ கொஞ்சம் முரடு. குழந்தைகளைப் பற்றியது மட்டும் போதுமென்று பெரியவர்களை ‘நாட்’ போட்டு விலக்கினால், இரு தரப்பையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரையும் கூடவே போய்விடும். தேடுவதே அதுவாகக்கூட இருக்கலாம். நான் ‘நாட்’டைத் தொடுவது அபூர்வம். பட்டியல் நீண்டால் நீளட்டும், தலைப்புகளைக் கண்ணால் ஓட்டிக் கழித்துக்கொள்ளலாம்.