தேயிலைப் பக்கெட்டில் வந்த மிருகங்கள்

சாமானோடு இனாமாக வருகின்ற படத்தைக் கலை என்று கொள்ளலாமா? சார்ள்ஸ் டனிக்ளிஃப் வரைந்த தேயிலை அட்டைகளைப் பார்த்தவர்கள் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

1954இல் பிரித்தானியாவில் புறூக் பொண்ட் கம்பனி தன் தேயிலைப் பக்கெட்டுகளுக்குள் பட அட்டைகளை வைக்கத் தொடங்கியது. வனவிலங்குத் தொடர்களில் தொடருக்கு 50 அட்டைகள். ஒட்டிவைக்கும் அல்பத்துக்குத் தனியாக 6 பென்ஸ். ஐம்பதும் சேரும்வரை வீட்டில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வியாபாரக் கணக்கு அவ்வளவுதான்.

ஓவியரில் குறை சொல்வதற்கில்லை. இறந்த பறவைகளை அளந்து, இறகு இறகாக வரைந்து பழகிய கை அது. 1961இல் ஆபிரிக்க வனவிலங்குத் தொடரையும், 1962இல் ஆசிய வனவிலங்குத் தொடரையும் அவர்தான் வரைந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டையிலும் மிருகத்தின் பாரம் தெரிகிறது.

எனக்குள்ள கேள்வி வேறு. முன்னால் ஒரு மிருகம். பின்னால் இலக்கம், சிறு குறிப்பு, கம்பனியின் பெயர். அந்தத் தேயிலை வளர்ந்த மண் எங்கே? நமது மலையகத்தில் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகக் காடு வெட்டப்பட்டது, ஆனைகள் சுடப்பட்டன. கென்யாவின் கெரிச்சோவில் இதே கம்பனிக்குத் தோட்டங்கள் இருந்தன. காடிருந்த நிலத்தில் முளைத்த இலையை விற்கக் காட்டு மிருகத்தின் படம் உதவுகிறது. அட்டையில் இந்தக் கதை மட்டும் இல்லை.

1963இல் வந்த, ஆபத்திலுள்ள வனவிலங்குகள் பற்றிய தொடரைச் செய்தவர் பீற்றர் ஸ்கொட். உலக வனவிலங்கு நிதியத்தை நிறுவியவர்களில் ஒருவர். நோக்கம் நல்லது, மறுக்கவில்லை. ஆனாலும், அருகிவரும் உயிரும் கடைசியில் சேகரிப்பவனின் அல்பத்தில் இன்னும் நிரம்பாத ஓர் இடமாகத்தான் நிற்கிறது.

சூரா அல்அன்ஆமின் 38ஆம் வசனம் விலங்குகளையும் பறவைகளையும் நம்மைப் போன்ற உம்மத்துகளாகக் காட்டுகிறது. உம்மத் என்றால் ஒரு சமூகம். அதற்குக் கூட்டமும் வேணும், இருக்க இடமும் வேணும். அட்டையோ கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து இலக்கம் போடுகிறது. இயற்கை சரக்காவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

இன்றைக்கும் நமது கடைகளில் தேயிலைப் பெட்டிகளின்மேல் ஆனையும் சிறுத்தையும் நிற்கின்றன. படம் வடிவாயிருக்கு என்று சொல்லும் பிள்ளையிடம், அந்த ஆனை நின்ற காடு இப்ப எங்கே என்றும் கேட்க வேண்டும். ஓவிய ரசனையில் அந்தக் கேள்விக்கும் இடம் உண்டு.